80 செ.மீ. கிண்ணம்: கிராக்கிள் கிளேஸை நூலுக்குக் கொண்டுவந்த ஒரு குழுப்பணி

கோவைப் பகுதியிலுள்ள ஒரு கல்லூரியில் ஜவுளி வடிவமைப்பு மூன்றாம் ஆண்டு படிக்கும் ஐந்து மாணவர்களுக்குத் தரப்பட்ட பணி இது. பீங்கான் அல்லது மட்பாண்டத்தின் மேற்பரப்பை வைத்து ஒரு எம்பிராய்டரி செய்ய வேண்டும். ஒரு மீட்டர் சதுரத்துக்குள் அடங்க வேண்டும். எட்டு வாரம். ஐந்து பேரின் கையும் ஒரே துணியில் இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை எவ்வளவு பெரிய சிக்கல் என்று தொடக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. இந்த ஆய்வு முக்கியமாக அவர்களில் ஒரு மாணவியைப் பின்தொடர்கிறது. கோடுகளின் வரைபடம் முதலில் அவர் பொறுப்பில் இருந்தது. பிறகு கோடுகளில் பாதி வேலையே அவர் கைக்கு வந்தது.

எதைத் தேர்ந்தார்கள், ஏன்

முதல் வாரம் மூன்று யோசனைகள் வந்தன. உடைந்த கிண்ணத்தைத் தங்கத்தூள் கலந்த அரக்கால் ஒட்டும் ஜப்பானின் கின்ட்சுகி முதலாவது. இரண்டாவது, கோபால்ட் நீலத்தில் பூ வரைந்த வெள்ளைப் பீங்கான். மூன்றாவது, கிராக்கிள் கிளேஸ்: மேலே உள்ள கண்ணாடிப் பூச்சில் (கிளேஸ்) முழுக்க மயிரிழை வெடிப்பு ஓடிய சாம்பல் பச்சைக் கிண்ணம். கின்ட்சுகியைக் கைவிட்டது நல்ல முடிவு. கறுப்புத் துணியில் ஜரிகையை வளைத்து வைத்தால் போதும் என்று தோன்றும். செய்து முடித்தால் மின்னல் படம் மாதிரி இருக்கும். நீலப் பீங்கானில் ஆபத்து வேறு. பாண்டத்தின் மேல் இருக்கும் பூவைத்தான் தைப்போம்; கடைசியில் அது நீலப் பூ எம்பிராய்டரி ஆகிவிடும், பாண்டம் காணாமல் போய்விடும்.

மூன்றாவதில் படம் என்று ஒன்றும் கிடையாது. இருப்பது மேற்பரப்பு மட்டும். சீனாவில் 'கெ' என்ற பெயரால் அறியப்படும் பாண்ட வகை அது. சொங் வம்ச காலத்தின் பெரும் பாண்ட வகைகளில் ஒன்றாக மரபு இதைச் சேர்த்துச் சொல்லும். எந்தச் சூளையில், எந்த நூற்றாண்டில் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் உடன்படவில்லை. இதன் வெடிப்புகளைச் சீனர்கள் 'தங்க இழை, இரும்புக் கம்பி' என்பார்கள். கருத்த நீண்ட கோடுகள் இரும்புக் கம்பி. அவற்றுக்கு இடையே ஓடும் மஞ்சள் பழுப்பு மென்கோடுகள் தங்க இழை. வாய் விளிம்பில் கிளேஸ் வழிந்து இறங்கிவிடுவதால் உள்ளே இருக்கும் கருமண் பழுப்பாகத் தெரியும். சீனப் பாண்டங்கள் நமக்குத் தொலைவானவையும் அல்ல. இராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் சீனப் பச்சைப் பாண்டங்களின் ஓடுகள் கிடைத்துள்ளன. வெடிப்பை நேரில் பார்க்க அருங்காட்சியகமும் தேவையில்லை. வீட்டில் இருக்கும் பழைய பீங்கான் தட்டையோ தேநீர்க் கோப்பையையோ வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் போதும். கறை இறங்கிய கோடுகள் தெரியும்.

குழு எடுத்த பொருள்: ஆறு இதழாக வளைந்த வாயுள்ள ஒரு கிண்ணம், மேலிருந்து பார்த்த தோற்றம், விட்டம் 80 செ.மீ.

வெடிப்பு ஏன் வருகிறது என்பதை முதலில் படிக்க வேண்டும்

வரைபடம் போட்ட மாணவி முதல் வாரம் புகைப்படத்தைப் பெரிதாக்கி, மேலே டிரேசிங் தாள் வைத்து கோடு இழுத்தார். படம் தெளிவில்லாத இடங்களைத் தன் ஊகத்தால் நிரப்பினார். வந்தது தேன்கூடு. எல்லாக் கட்டமும் ஏறக்குறைய ஒரே அளவு. மூன்று மூன்று கோடுகள் நட்சத்திரம் போலக் கூடும் சந்திப்புகள். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் ஒட்டகச்சிவிங்கித் தோல். கிராக்கிள் வரைபவர்களில் பெரும்பாலோர் செய்யும் பிழை இதுதான். கையை எவ்வளவு பழக்கினாலும் இது தீராது. காரணத்தைப் படித்தால் தீரும்.

சூளையிலிருந்து ஆறும்போது மண்ணும் சுருங்குகிறது, அதன் மேல் கண்ணாடியாக உறைந்த கிளேஸும் சுருங்குகிறது. சோடாவும் பொட்டாஷும் அதிகமுள்ள கிளேஸ் மண்ணைவிட அதிகமாகச் சுருங்கப் பார்க்கும். மண் அதற்கு இடம் கொடுக்காது. கிளேஸ் இழுவிசையில் மாட்டிக்கொண்டு வெடிக்கும். முதலில் நீண்ட வெடிப்புகள் சில ஓடுகின்றன. ஒரு வெடிப்பு விழுந்ததும் அதற்குக் குறுக்கான இழுவிசை அந்த இடத்தில் தளர்ந்துவிடுகிறது. அதனால் அடுத்த வெடிப்பு அந்தக் கோட்டை நெருங்கும்போது ஏறக்குறைய செங்கோணத்தில் திரும்பி அதில் முட்டி நின்றுவிடும். தாண்டிப் போகாது.

இதிலிருந்து வரைவதற்கு நான்கு விதிகள் கிடைத்தன. முதலில் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நீண்ட, லேசாக வளைந்த கோடுகள். இவற்றைக் குழு 'தாய்க்கோடு' என்றது. அடுத்து வரும் ஒவ்வொரு கோடும் ஏற்கெனவே உள்ள ஒரு கோட்டில் தொடங்கி இன்னொரு கோட்டில் செங்கோணத்தில் முட்டி முடிய வேண்டும், இவை 'சேய்க்கோடு'. எந்தக் கோடும் எந்தக் கோட்டையும் வெட்டிக் கடக்கக் கூடாது. நான்காவது விதி எளிதில் மறந்துபோகும்: கிளேஸ் தடிமனாக இருக்கும் இடத்தில் கட்டங்கள் பெரியவை, மெலிந்த இடத்தில் சிறியவை. ஆகவே கிண்ணத்தின் அடிக்குழியில் அகன்ற கட்டங்கள், இதழ் முகடுகளிலும் வாய் விளிம்பிலும் நெருங்கிய கட்டங்கள்.

இந்த நான்கையும் கடைப்பிடித்து வரைந்த இரண்டாவது வரைபடத்தை, புகைப்படம் எதையும் பார்க்காமலே வரைய முடிந்தது. அதுதான் அதிகம் பீங்கான் போல இருந்தது. இந்தப் பணியில் நாங்கள் மிகவும் மதிக்கும் இடம் இது. தோற்றத்தைப் பார்த்து வரைந்தபோது வராதது, உருவாகும் முறையைத் தெரிந்து வரைந்தபோது வந்தது. மற்ற முடிவுகளையும் குழு இதே கேள்வியை வைத்து எடுத்தது: பாண்டத்தில் இது எதனால் ஆனது, துணியில் அதே வேலையைச் செய்வது எது?

வேலையின் அளவைக் கணக்கிட்டது

தைக்கத் தொடங்குமுன் கோட்டு நீளத்தைக் கணக்கிட்டார்கள். கட்டங்களைச் சதுரமென்று வைத்துக்கொண்டால் மொத்தக் கோட்டு நீளம் என்பது பரப்பின் இரு மடங்கைக் கட்டத்தின் பக்கத்தால் வகுத்தது. கிண்ணத்தின் பரப்பு சுமார் 5,000 சதுர செ.மீ. தாய்க்கோட்டுக் கட்டம் சராசரி 8 செ.மீ. என்றால் 12.5 மீட்டர். சேய்க்கோட்டுக் கட்டம் 2 செ.மீ. என்றால் மொத்தம் 50 மீட்டர். தாய்க்கோட்டைக் கழித்தால் 37.5 மீட்டர். முதலில் அவர்கள் விரும்பியது 1 செ.மீ. கட்டம். கணக்குப் போட்டதும் மொத்தம் 100 மீட்டர் என்று வந்தது. அந்த ஆசையை அப்போதே விட்டார்கள்.

சேய்க்கோட்டை 2 மி.மீ. பேக் ஸ்டிச்சில் (ஒவ்வொரு தையலும் பின்னால் திரும்பி முந்தையதைத் தொடுவது) தைத்தால் 18,750 தையல். நிமிடத்துக்கு எட்டு என்றால் 39 மணி நேரம். தாய்க்கோடு கவுச்சிங், அதாவது நூலை மேலே படுக்க வைத்துச் சிறு தையலால் கட்டுவது, 3 மி.மீ.க்கு ஒரு கட்டு. சுமார் 4,170 கட்டுகள், எட்டு ஒன்பது மணி நேரம். இதோடு ஒப்பிட்டால் நூல் செலவு ஒன்றுமில்லை. பேக் ஸ்டிச் கோட்டு நீளத்தைப் போல மூன்று மடங்கு நூல் குடிக்கும். வீண்போவதையும் சேர்த்து ஒற்றை இழையில் 140 மீட்டர் அளவுக்கு வரும். ஆங்கர் கண்டு ஒன்றில் 8 மீட்டர், ஆறு இழை. பிரித்தால் 48 மீட்டர். மூன்று கண்டு போதும். குழுப்பணிகளில் மாணவர்கள் நூலின் விலையைப் பட்டியலிடுவார்கள், நேரத்தைப் பட்டியலிட மாட்டார்கள். நின்றுபோன பணிகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கின்றன.

கிளேஸின் தடிமன்: அடுக்கு

கிளேஸ் என்பது நிறம் மட்டுமல்ல, ஆழமும்தான். ஒளி உள்ளே போய்த் திரும்பி வருவதால்தான் பச்சை குளிர்ச்சியாகத் தெரிகிறது. பச்சைத் துணியில் தைத்தால் அந்த ஆழம் வராது. அதனால் தடிமனுக்குப் பதிலாக அடுக்கு: மிக வெளிறிய பச்சையில் சாயமேற்றிய பட்டு ஆர்கன்சா (ஊடுருவித் தெரியும் விறைப்பான மெல்லிய துணி). முகடுகளில் ஒரு அடுக்கு, சுவரில் இரண்டு, கிளேஸ் தேங்கும் அடிக்குழியில் மூன்று.

கீழிருந்து மேலாக வரிசை இப்படி. எல்லாவற்றுக்கும் அடியில் கஞ்சி போக அலசிய காடா, 120 செ.மீ. சதுரம். அதன் மேல் கிண்ணத்தின் விளிம்பு வட்டத்தில் 3 செ.மீ. அகலத்தில் கரும்பழுப்புப் பருத்தி வளையம். பிறகு வெள்ளை மல்மல் (மெல்லிய பருத்தி). அதன் மேல் நடுவில் மட்டும் 30 செ.மீ. ஆர்கன்சா வட்டம். கடைசியாக முழு அளவு ஆர்கன்சா இரண்டு. சிறிய வட்டத்தை மேலே வைக்காமல் கீழே வைத்தது காரணத்தோடுதான். மேலே இருந்தால் அதன் ஓரம் ஒட்டுத்துணி போலத் துருத்தும், கீழே இருந்தால் மற்ற இரண்டும் அந்த ஓரத்தை மங்கலாக்கிவிடும்.

ஆர்கன்சா முதல் முறை பாழானது. பட்டு ஆர்கன்சாவின் விறைப்பு கஞ்சியால் வருவதல்ல. பட்டிழையின் இயற்கைப் பசையை நீக்காமல் நெய்வதால் வருவது. சோப்பும் சோடாவும் கலந்த சூடான நீர் அந்தப் பசையைக் கரைத்துவிடும். மல்மல்லுக்காக வைத்திருந்த சோடாத் தண்ணீரிலேயே சாயத்துக்கு முன் ஆர்கன்சாவையும் அலசியதால் அது கைக்குட்டை போல் துவண்டுவிட்டது. துவண்டதைச் சரிசெய்ய வழி இல்லை. புதுத் துணி வாங்கினார்கள்.

இரண்டாம் முறை வெறும் வெதுவெதுப்பான நீரில் நனைத்து, ஆசிட் டை போட்டார்கள். துணியின் எடை சுமார் 55 கிராம். சாயம் துணி எடையில் 0.15 சதவீதம், அதாவது 0.08 கிராம். இவ்வளவு குறைவாகச் சாதாரணத் தராசில் நிறுக்க முடியாது. ஒரு கிராம் சாயத்தை 100 மில்லி வெந்நீரில் கரைத்து வைத்துக்கொண்டு அதிலிருந்து 8 மில்லி எடுப்பதுதான் வழி. அந்த எட்டில் டர்க்காய்ஸ் ஐந்து, மஞ்சள் இரண்டு, கறுப்பு ஒன்று. தண்ணீர் நாலரை லிட்டர், துணி மடியாமல் மிதக்கும் அளவு. கொஞ்சம் வினிகர். 40 டிகிரியில் தொடங்கி மெல்ல ஏற்றி, 70 டிகிரியைத் தாண்டவிடாமல் 45 நிமிடம். வெளிர்நிறத்துக்கு இது போதும். தனியாகப் பார்த்தால் சாயமே ஏறவில்லை என்று தோன்ற வேண்டும். மூன்றை அடுக்கி வெள்ளைத் தாளில் வைத்தால்தான் பச்சை தெரியும். தனி அடுக்கில் அழகாகத் தெரிகிற பச்சை, மூன்றாகும்போது பிளாஸ்டிக் வாளி நிறமாகிவிடும்.

அடுக்கியதும் வேறொரு சிக்கல். இரண்டு ஆர்கன்சாக்களின் இழைக்கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நீரலை போல வரிவரியாக ஓடியது. ஒரே நெசவுள்ள மெல்லிய துணிகளை நேராக அடுக்கினால் இது வந்தே தீரும். தீர்வு சிவகாசி அச்சகங்களில் நாள்தோறும் நடப்பது: ஒவ்வொரு நிறத்தின் புள்ளிக்கட்டத்தையும் கோணம் மாற்றி வைப்பார்கள். அதேபோல் இரண்டாவது அடுக்கை முதலாவதிலிருந்து 30 டிகிரியும் மூன்றாவதை 60 டிகிரியும் திருப்பியதும் அலை மறைந்தது. இதற்கு ஒரு விலை உண்டு. திருப்பி வைத்த துணி கிராஸாக நிற்பதால் இழுத்தால் நீளும். ஆகவே இழுக்காமல் தட்டையாகப் பரப்பி, 5 செ.மீ.க்கு ஒரு வரி என்று குறுக்கும் நெடுக்குமாக டேக்கிங் (தற்காலிக ஓட்டுத்தையல்) போட்டார்கள். ஸ்பிரே பசை அடித்தால் வேகமாக முடியும். ஆனால் அது ஆர்கன்சா வழியாகப் பளபளப்பாகத் தெரியும், நாளடைவில் மஞ்சளாகும். அடிக்காதது நல்லது.

மெழுகு செய்த உதவி

மல்மல்லில் ஒரு கூடுதல் வேலை செய்திருந்தார்கள். பாட்டிக் முறையில் மெழுகு பூசி, உறையவைத்து, கசக்கி, சாயத்தில் நனைத்தால் மெழுகின் வெடிப்பு வழியே சாயம் இறங்கும். பாண்டத்தில் நடப்பதும் இதுவே: உறைந்த ஒரு மேல்பூச்சு வெடிக்கிறது, கறை உள்ளே இறங்குகிறது. பாராஃபின் மூன்று பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. பாராஃபின் எளிதில் நொறுங்கும், தேன்மெழுகு வளைந்து கொடுக்கும்; தேன்மெழுகைக் கூட்டினால் வெடிப்பு குறையும். மெழுகு துணியில் பட்டவுடன் துணி கண்ணாடி போல ஊடுருவித் தெரிய வேண்டும். வெள்ளையாக மேலே உட்கார்ந்தால் சூடு போதவில்லை. சாயம் அடியில் பரவிவிடும். மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரத்தில்தான் உருக்க வேண்டும், நேரடி நெருப்பில் கூடாது.

தனியாகப் பார்த்தால் இந்த வெடிப்பு கிளேஸ் போல் இல்லை. கசக்கும்போது மடிப்புகள் ஒன்றையொன்று வெட்டிக் கடக்கின்றன. நீண்ட கோடு, குறுங்கோடு என்ற வரிசை கிடையாது. அதனால் இதையே முடிவாக வைக்காமல், வெளிறிய தேநீர்ப் பழுப்பில் மட்டும் சாயமேற்றி, ஆர்கன்சாவுக்கு அடியில் மூன்றாம் நிலை மயிரிழையாக விட்டார்கள். மேலே தைத்த கோடுகள் தெளிவாகவும் இது மங்கலாகவும் நிற்பதால் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்ப்பது போன்ற ஆழம் கிடைத்தது. மெழுகை எடுக்கக் கொதிநீரில் இரண்டு மூன்று முறை போட வேண்டும். மிச்ச மெழுகு இருந்தால் ஊசி இழுபடும். மிதக்கும் மெழுகை ஆறவைத்து எடுத்துவிட வேண்டும். அப்படியே ஊற்றினால் சாக்கடைக் குழாய் அடைத்துக்கொள்ளும்.

வரைபடத்தைத் துணிக்கு மாற்றியது இந்தக் கட்டத்தில்தான். ஆரி வேலைக்கு நம்மூரில் பட்டர் தாளில் ஊசியால் துளையிட்டு, வெள்ளைப் பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்ப்பார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 17ஆம் நூற்றாண்டில் மட்பாண்டத்தில் படம் தீட்டியவர்களும் இதே போலத் துளையிட்ட தாளின் மேல் கரித்தூளைத் தட்டித்தான் படத்தை மாற்றினார்கள். இரண்டு தொழிலுக்கும் பொதுவான இந்த முறையை மாணவர்கள் ஆவலோடு முயன்றார்கள். ஆர்கன்சாவில் அது சரிவரவில்லை. தூள் இழைகளுக்கிடையே இறங்கி, துடைக்கத் துடைக்கப் பரவியது. கடைசியில் மல்மல் மேலேயே பென்சிலால் மெலிதாக வரைந்து, அதன் மேல் ஆர்கன்சாவைப் பரப்பினார்கள். கோடு மேலே நன்றாகவே தெரிந்தது. தையல் கோட்டை விட்டு விலகினால் மட்டும் இரட்டைக்கோடாகத் தெரியும். அதனால் கை கவனமாக இருக்க வேண்டியதாயிற்று.

ஐந்து கை, ஐந்து இழுப்பு

முழு அளவுக்கு முன் 40 செ.மீ. விட்டத்தில் ஒரு மாதிரி செய்தார்கள். பீட்சா வெட்டுவது போல ஐந்து துண்டாகப் பிரித்து ஆளுக்கொன்று. மூன்று நாளில் முடிந்தது. துணியை இறுக்கிக் கட்டும் ஸ்டாண்டிலிருந்து கழற்றியதும் ஐந்து துண்டும் ஐந்து தனித்துணிகள் போலத் தெரிந்தன. வெடிப்புக்கோடுகளைவிடத் துண்டுகளுக்கு இடையேயான எல்லைகள்தான் கண்ணில் பட்டன. ஒரு துண்டு தட்டை, பக்கத்துத் துண்டு சுருக்கம், அடுத்தது மேடு.

காரணத்தைத் தேட ஒரு சோதனை செய்தார்கள். இதை எந்தக் குழுவும் முதல் நாளே செய்துவிடலாம். அதே அடுக்குத் துணியில், அதே ஊசி நூலில், ஒவ்வொருவரும் 10 செ.மீ. நேர்க்கோடு பேக் ஸ்டிச் போட வேண்டும். துணியைத் தளர்த்தி ஒரு இரவு விட்டு அளக்க வேண்டும். இங்கே வந்தவை 9.9, 9.9, 9.8, 9.6, 9.4 செ.மீ. கடைசிக் கைக்காரர் ஒவ்வொரு பத்து செ.மீ.யிலும் ஆறு மி.மீ. துணியை உள்ளே இழுக்கிறார். பக்கத்திலிருப்பவர் ஒரு மி.மீ. இரண்டும் ஒட்டும் இடத்தில் துணி எங்காவது போயாக வேண்டும், அது மேலே எழும்புகிறது. தையல் அழகில் இந்த ஐவருக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. கண்ணால் பார்த்து இதைப் பிரிக்க முடியாது, அளந்தால்தான் தெரியும்.

ஏன் வேறுபடுகிறது? 9.9 வந்த இருவரில் ஒருவர் ஆரி ஸ்டாண்டில் வேலை பார்த்துப் பழகியவர். ஒரு கை மேலே, ஒரு கை கீழே வைத்து ஊசியைச் செங்குத்தாக விடுகிறார். இன்னொருவர் வரைபடம் போட்ட மாணவி; மெதுவாகத் தைப்பவர், நூலை இழுத்து முடித்தபின் ஒரு நொடி நிறுத்துகிறார். 9.6, 9.4 வந்தவர்கள் கைவளையத்தில் பழகியவர்கள். துணியைக் கொஞ்சம் மடித்து ஊசியை ஒரே வீச்சில் உள்ளே விட்டு வெளியே எடுப்பது அவர்கள் பழக்கம்; கடைசியில் ஒரு சுண்டு. இறுக்கிக் கட்டிய ஸ்டாண்டில் அப்படிச் சுண்டி இழுப்பதுதான் கெடுக்கிறது.

குழுப்பணியை எப்படிப் பிரிப்பது என்பதில் நாங்கள் உறுதியாகச் சொல்வது இதுதான்: பரப்பைப் பிரிக்கக் கூடாது, வேலையின் வகையைப் பிரிக்க வேண்டும். குழுவும் அப்படியே மாற்றியது. தாய்க்கோடு முழுவதும் வரைபட மாணவி ஒருவரே. சேய்க்கோடு 9.9, 9.8 வந்த மூவர். அதாவது அந்த மாணவி தாய்க்கோட்டை முடித்தபின் இதிலும் சேர்ந்தார். மற்ற இருவருக்கும் சாயம், அடுக்கு வெட்டுதல், விளிம்பு, பலகையில் ஏற்றுதல். இவை இழுப்பு முக்கியமில்லாத வேலைகள், ஆனால் தவறினால் எல்லாம் போய்விடக்கூடிய வேலைகள். அவர்களில் ஒருவர், தன்னைத் தையலிலிருந்து ஒதுக்கிவிட்டார்கள் என்று வருந்தினார். அது நியாயமான வருத்தம். ஐந்து பேரின் கையும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு ஆர்கன்சாவை வெட்டும் கையும் கைதான் என்று எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பேசித்தான் அது தீர்ந்தது. இப்படிப்பட்ட பேச்சை இரண்டாம் வாரத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது. ஆறாம் வாரத்தில் அது சண்டையாகிவிடும்.

சேய்க்கோடு தைத்த மூவரும் ஓரிடத்தில் நிலையாக உட்காரவில்லை. 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்டாண்டைச் சுற்றி ஒரு இடம் நகர்ந்தார்கள். ஒவ்வொருவரும் அடுத்தடுத்த கட்டங்களை எடுக்காமல் சிதறலாக எடுத்தார்கள். மிச்சமிருந்த வேறுபாடு துணி முழுக்கப் பரவிவிட்டதால் எல்லை என்று எதுவும் உருவாகவில்லை.

இன்னொரு பாடம் இதற்குள்ளேயே இருக்கிறது. வழக்கமாக மாதிரித் துண்டைக் குழுவில் நன்றாகத் தைப்பவரிடம் கொடுப்பார்கள். அப்படிச் செய்திருந்தால் மாதிரி குறையில்லாமல் வந்திருக்கும். எல்லைக்கோடு முழு அளவுத் துணியில்தான் வெளிப்பட்டிருக்கும். ஆர்கன்சாவில் பிரித்த தையலின் துளை முழுமையாக மூடாது. நீர் தெளித்து நகத்தால் தேய்த்தால் கொஞ்சம் ஒடுங்கும், அவ்வளவுதான். மாதிரியை எல்லாக் கையும் தைத்ததுதான் இந்தப் பணியைக் காப்பாற்றியது.

கோடு தைத்த விதம்

தாய்க்கோட்டுக்கு 8ஆம் எண் பேர்ல் காட்டன், கரிப்பழுப்பு. கறுப்பு வேண்டாம், வெளிர்ப் பச்சைமேல் கறுப்பு, மார்க்கரால் வரைந்தது போலாகும். மேலே படுத்த நூலை அதே நிறத்து ஒற்றை இழையால் 3 மி.மீ.க்கு ஒரு கட்டு. கட்டு நேர்க்குறுக்காக விழ வேண்டும்; சாய்ந்தால் நூல் முறுக்கியது போலத் தெரியும். வெடிப்பு சட்டென்று முடியாது, முனையில் மெலிந்து மறையும். பேர்ல் காட்டன் இரண்டு புரி முறுக்கியது; கடைசி 2 செ.மீ.யில் ஒரு புரியைப் பிரித்து வெட்டி, மற்றதை மட்டும் படுக்க வைத்தால் அந்த மெலிவு கிடைக்கும். நூல்முனையைக் கீழே இறக்கப் பெரிய ஊசி போட்டால் ஆர்கன்சாவில் ஓட்டை விழும். மெல்லிய ஊசியில் ஒரு நூல் வளையத்தைக் கோத்து, அந்த வளையத்தில் முனையை மாட்டிக் கீழே இழுப்பது சரியான முறை.

சேய்க்கோட்டுக்கு ஒற்றை இழை, தேன் பழுப்பு, 10ஆம் எண் ஊசி. 'தங்க இழை' என்ற பெயரைக் கேட்டு ஒருவர் ஜரிகை முயன்றார். பாண்டத்தில் அது கறையின் நிறம்தான், மினுக்கு அல்ல. ஜரிகை போட்டதும் கோடு கிளேஸுக்கு மேலே வந்து உட்கார்ந்துவிட்டது. மேட் நூல் உள்ளே அமிழ்ந்து நின்றது. சேய்க்கோடு தாய்க்கோட்டைத் தொடும் இடத்தில் கடைசித் தையல் தாய்நூலின் ஓரத்தில் இறங்க வேண்டும். மேலே ஏறக் கூடாது.

வேலை நடுவிலிருந்து வெளியே போக வேண்டும். விளிம்பிலிருந்து தொடங்கினால் உபரித் துணியெல்லாம் நடுவில் சேர்ந்து குமிழாகும். நாள்தோறும் உட்காருமுன் ஸ்டாண்டின் கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். விரலால் தட்டினால் மேளம் போல் சத்தம் கேட்க வேண்டும்.

முகடும் விளிம்பும்

ஆறு இதழ் முகடுகளில் மேல் ஆர்கன்சா ஒன்றை வெட்டி எடுத்தார்கள். 5 மி.மீ. அகலத்தில் தொடங்கி நடுவை நோக்கிக் கூராக மெலியும் பட்டை. வெட்டுமுன் இருபுறமும் பட்டு ஒற்றை இழையில் நெருக்கமான பேக் ஸ்டிச். அதற்கு உள்பக்கம் ஒன்றரை மி.மீ. விட்டு வளைந்த கத்தரியால் வெட்டு. தைக்காமல் வெட்டினால் இழை பிரிந்துகொண்டே போகும். பிரியாமல் இருக்கத் தடவும் திரவம் ஈரம் பட்டது போல நிரந்தரமாகத் தெரியும்.

வாய் விளிம்பில் மல்மல்லையும் ஆர்கன்சாக்களையும் சேர்த்து வெட்டி, அடியிலிருக்கும் பழுப்பு வளையத்தை வெளியே தெரியவிட்டார்கள். கிளேஸ் வழிந்து இறங்கி மண்ணைக் காட்டும் அதே வேலை. அகலம் ஓரிடத்தில் ஒரு மி.மீ., இன்னோரிடத்தில் ஐந்து. ஒரே அகலமாக இருந்தால் பைப்பிங் வைத்தது போலாகிவிடும். வளையத்தின் உள்ளோரம் மல்மல் வழியே நிழலாகத் தெரிந்தது. நேர்க்கோடாகத் தெரியாமல் இருக்க அந்த ஓரத்தில் ஒரு செ.மீ. நூலை உருவிச் சிதறவிட்டார்கள். விளிம்பருகே கிளேஸ் மெலிந்து மண் நிறம் லேசாக எட்டிப் பார்ப்பது பாண்டத்திலும் உண்டு. திட்டமிடாமல் கிடைத்த இது, முழுப் படைப்பிலும் மிக இயல்பான இடம்.

ஸ்டாண்டிலிருந்து இறங்கிய பிறகு

கழற்றியபோது விட்டம் 79.4 செ.மீ. ஆறு மி.மீ. குறைவு, எல்லாப் பக்கமும் ஏறக்குறைய சமம், அதனால் மேடு விழவில்லை. அடிப்புறம் துண்டு விரித்து, தையல் முகம் கீழே இருக்கும்படி மிதமான சூட்டில் ஆவியில்லாமல் இஸ்திரி. பிறகு பலகையின் மேல் மெல்லிய பருத்திப் போர்வை விரித்து, காடாவின் ஓரங்களைப் பின்புறம் எதிரெதிராகக் கயிறுகட்டி இழுத்தார்கள். பசை, ஸ்டேப்ளர் எதுவும் இல்லை.

குறைகளும் உண்டு. தாய்க்கோடுகளின் தடிமன் தொடக்கம் முதல் முனைவரை ஒரே மாதிரி. முனையில் மெலிந்தாலும் நடுவில் ஏற்ற இறக்கம் இல்லை. உண்மையான வெடிப்பில் கறை ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் இறங்கியிருக்கும். சாயத்தைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு நிறம் மாறும்படி நூலை முன்கூட்டியே ஏற்றியிருந்தால் இது கிடைத்திருக்கும். மூன்றாம் நிலை மயிரிழை இடப்பக்கம் அடர்ந்தும் வலப்பக்கம் மிகக் குறைந்தும் இருக்கிறது. மெழுகைக் கசக்கியபோது ஒரு பக்கமாகவே பிடித்திருந்ததுதான் காரணம். நான்கு மூலையிலிருந்தும் பிடித்துக் கசக்கினால் சரியாகும்.

காட்சிக்கு வைக்கும்போது நேர் எதிரிலிருந்து விளக்கு போட்டால் அடுக்குகள் ஒன்றாகித் தட்டையாகத் தெரியும். மேல் இடப்புறத்திலிருந்து சுமார் 45 டிகிரி சாய்வில் ஒரே விளக்கு. அப்போதுதான் முகடுகளின் வெட்டோரம் மெல்லிய நிழல் காட்டும். வெளிர்நிறப் பட்டு என்பதால் அருங்காட்சியகங்கள் துணிகளுக்கு வைத்திருக்கும் 50 லக்ஸ் ஒளி அளவை இதற்கும் வைத்துக்கொள்ள வேண்டும். எடுத்து வைக்கும்போது சுருட்டக் கூடாது. ஆர்கன்சாவில் ஒருமுறை விழுந்த மடிப்பு, இந்தக் கிண்ணத்தில் யாரும் வரையாத இன்னொரு தாய்க்கோடாக நின்றுவிடும்.